கைபேசி கேம் செய்ய எஞ்சின் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

யூனிட்டியா, கோடோவா, அன்ரியலா? கொழும்பில் கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். மூன்றும் எஞ்சின்கள், அதாவது கேமைக் கட்ட உதவும் மென்பொருள்கள். கேள்வி கொஞ்சம் முந்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். என்ன கேம், யாருடைய போனில் ஓடப்போகிறது, எந்த மொழியில் எழுத்து வரப்போகிறது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

யூடியூப்பில் அழகான காட்சிகளைப் பார்த்துவிட்டு அன்ரியலில் இறங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்த வீடியோக்களில் மினுங்கும் லூமென் (ஒளியமைப்பு), நனைட் (நுணுக்கமான முப்பரிமாண வடிவங்கள்) எல்லாம் முதன்மையாகக் கணினிக்கும் கொன்சோலுக்கும் செய்யப்பட்டவை. கொழும்பின் காலி வீதியில் ஓடும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு விளையாடுபவரின் கையில் இருப்பதோ பெரும்பாலும் குறைந்த விலை ஆண்ட்ரொய்ட். டேட்டாவும் ரீலோட் போட்டு வாங்கியது. கெரம், தாயம், சொல் விளையாட்டு போன்ற இருபரிமாண கேமுக்கு கோடோவோ யூனிட்டியோ தாராளமாகப் போதும். பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் இருக்கும் யூனிட்டி பிளாசாவில் (அந்தக் கட்டடத்துக்கும் எஞ்சினுக்கும் எந்தச் சொந்தமும் இல்லை) ஏறி இறங்கி விலை கூடிய லப்டொப் தேடுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்: கோடோ எடிட்டர் சாதாரண லப்டொப்பிலேயே ஓடும், தரவிறக்கமும் சிறியது. யூனிட்டியை ஆண்ட்ரொய்ட் பகுதியோடு நிறுவப் பல ஜிபி போகும்.

ஆனால் நம்மவர்கள் உண்மையில் அடிபடும் இடம் எழுத்து. ஆங்கிலத்தில் கேமை முடித்துவிட்டு, தமிழையும் சிங்களத்தையும் கடைசியில் சேர்ப்போம் என்று விட்டுவிடுகிறார்கள். ‘கெ’ என்பது, கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் க முதலாகவும் கொம்பு அடுத்ததாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். ‘மு’, ‘ழு’ போன்றவற்றில் எழுத்தும் குறியும் சேர்ந்து புது வடிவமே எடுக்கின்றன. இந்த வேலையை எஞ்சின் செய்ய வேண்டும். யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ அதைச் செய்வதில்லை. அதனால் கொம்பு தப்பான பக்கம் நிற்கும், உகரக் குறி தனியாகத் தொங்கும். யூனிட்டி 6-இல், மெனுவும் பட்டனும் கட்டும் யூஐ டூல்கிட்டுக்குள் இதற்கு ஒரு வழி வந்திருக்கிறது, ஆனால் பழைய முறையில் முழு மெனுவையும் கட்டிய பிறகு அதற்கு மாறுவது பெரிய வேலை. கோடோ 4-இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகம் உள்ளேயே இருப்பதால் தமிழும் சிங்களமும் சரியாக வருகின்றன. கோடோ 3-இல் அது இல்லை.

சிலர் பாமினி எழுத்துரு போட்டுச் சமாளிப்பார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும், யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு அது. பார்வைக்குச் சரிதான். ஆனால் விளையாடுபவர் தன் பெயரைத் தமிழில் தட்டியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். எந்த எஞ்சினை இறக்கினாலும் முதலில் ‘கொழும்பு’ என்று ஒரு லேபிள் போட்டு, போனில் ஓடவிட்டுப் பாருங்கள். அந்த ஒரு சொல்லிலேயே எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

அடுத்தது காசு. 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. பெரிய எதிர்ப்பு வந்தது. ஒரு வருடம் கழித்து அதை முழுதாகக் கைவிட்டது. அதற்காக யூனிட்டியைத் தொடவே கூடாது என்பது அவசர முடிவு. பெர்சனல் பதிப்பு, ஆண்டு வருமானமும் கிடைத்த நிதியும் 2 லட்சம் டொலரைத் தாண்டும்வரை இலவசம். அன்ரியலின் 5 சதவீத ரோயல்டியும் ஒரு கேம் 10 லட்சம் டொலர் உழைத்த பிறகுதான். அந்தக் கவலை வந்தால் சந்தோஷப்படலாம்! கோடோ, கட்டணம் எதுவும் கேட்காத எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் வருவதால் இந்தக் கணக்கே இல்லை. ஆனால் விளம்பரம், கேமுக்குள் விற்பனை போன்றவற்றுக்கு யூனிட்டியில் தயார் நிலையில் கிடைப்பதை கோடோவில் பிறர் எழுதிய பிளகின்களில் (துணை நிரல்களில்) தேட வேண்டியிருக்கும். விளம்பரத்தில்தான் வருமானம் என்றால் நான் யூனிட்டி பக்கம் சாய்வேன். கேம் கொம்பனியில் வேலை தேடுபவருக்கும் அதுவே உதவும்.

கோடோவில் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதலாம் என்று கேள்விப்பட்டு நுழைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோடோ 4-இல் ஆண்ட்ரொய்டுக்கு அந்த வழி சோதனை நிலையில்தான் வந்தது. கோடோவின் சொந்த நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்ட் பாதுகாப்பானது, படிக்கவும் இலேசு.

பழைய பாடத்தைப் பின்பற்றி பழைய பதிப்பை நிறுவுவதும் வேண்டாம். கூகுள் பிளே 2019 ஆகஸ்டிலிருந்து 64-பிட் செயலிகளுக்கான பதிப்பைக் கேட்கிறது, 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகளை ஏஏபி என்ற கோப்பு வடிவில் கேட்கிறது, ஆண்ட்ரொய்ட் இலக்குப் பதிப்பையும் வருடாவருடம் உயர்த்துகிறது. ஈடுகொடுக்காத எஞ்சினில் செய்த கேம் கடை வாசலிலேயே திரும்பி வரும்.

ஐபோனுக்கும் விடுவோம் என்று சும்மா சொல்லிவிடாதீர்கள். கேமை ஐபோன் செயலியாகக் கட்டி முடிக்க மேக் கணினி தேவை, அப்புறம் டெவலப்பர் கணக்குக்கு ஆப்பிளுக்கு வருடம் 99 டொலர். கூகுளுக்கு ஒரே தடவை 25 டொலர். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கென்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் பொதுவில் வெளியிட அனுமதி கேட்கலாம். ஆண்ட்ரொய்ட் வைத்திருக்கும் மச்சான்மாரை இப்போதே எண்ணி வையுங்கள். இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகவே சேருங்கள், யாராவது ஒருவர் இடையில் கழன்றுவிடுவார்.