உப்புக்காற்றில் துருப்பிடித்த பைக் சைலன்சரை வீட்டிலேயே மாற்ற

குமரிக் கடற்கரையில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஓடும் பைக்குகளில் சைலன்சர் சீக்கிரமே போய்விடும். வெளியே உப்புக்காற்று அரிக்கும். சந்தைக்கும் பக்கத்துக் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடேறாது, அதனால் புகையோடு வரும் நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி அங்கிருந்தும் அரிக்கும். வேறு கம்பெனி சைலன்சர் ஒன்றை வாங்கி முற்றத்தில் வைத்தே மாட்டிவிடலாம். மாட்டுவது சின்ன வேலை. பழையதைக் கழற்றுவதுதான் ஆளைச் சோதிக்கும்.

முதலில் எதை வாங்குவது என்று பார்ப்போம். குரோம் பூசிய இரும்பு இந்தக் கரையில் அதிக நாள் தாங்காது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று எழுதியிருந்தால் எந்த ரகம் என்று கேளுங்கள். 304 நல்லது. 409 மேலே பழுப்பாகும், ஆனால் ஓட்டை விழ நாளாகும். காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது, 409-இலும் காந்தம் ஒட்டும். எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வரும் பென்ட் பைப்பை விட்டுவிட்டு சைலன்சரை மட்டும் மாற்றுவதாக இருந்தால் பைப்பின் வெளி அளவையும் சைலன்சர் வாயின் உள் அளவையும் வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். அரை மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் இணைப்பைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் கசியும்.

ஊரைக் கூட்டும் சத்தத்துக்காக மாற்றுபவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவாது. புதிய வண்டிகளுக்கான சத்த வரம்பு 80 முதல் 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80. சத்த விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுக்கச் சொல்லும் கடை எதுவானாலும் அங்கே நிற்க வேண்டாம்.

சைலன்சரோடு புதிய கேஸ்கட் (பைப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் வளையம்) ஒன்று, ஸ்டட்டின் (ஹெட்டில் பதிந்து நீட்டிக்கொண்டிருக்கும், தலையில்லாத போல்ட்) மரைக்குப் பொருந்தும் பித்தளை நட்டு இரண்டு, ஒரு கிளாம்ப், மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும், சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம் வாங்குங்கள். பித்தளை நட்டு ஸ்டட்டோடு துருவேறிப் பூட்டிக்கொள்ளாது. எஸ்.எஸ். ஸ்டட்டில் எஸ்.எஸ். நட்டைப் பேஸ்ட் இல்லாமல் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று உரசிப் பூட்டிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கழற்றும் வேலை முந்தின நாள் இரவே தொடங்குகிறது. சிலிண்டர் ஹெட்டில் பென்ட் பைப்பைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளின் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் துரு போகத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து விடுங்கள். காலையில் இன்னொரு முறை அடியுங்கள். திறந்த வாய் ஸ்பானரும் பன்னிரண்டு முனை பாக்ஸ் ஸ்பானரும் வேண்டாம், நட்டின் மூலை உருண்டுவிடும். ஆறு முனை பாக்ஸ்தான் சரி. எடுத்தவுடன் கழற்றப் பார்க்காமல், முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்புங்கள். ‘டக்’ என்று துருப்பிடி விடும். பிறகு கால் சுற்று கழற்றி, பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடியும் கழற்றுங்கள். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வெளியே வந்தால் கவலையில்லை, புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நட்டு திரும்புவதுபோல் இருந்து கையில் ரப்பர் மாதிரிக் கொழகொழப்பு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே ஸ்டட் முறுகிக்கொண்டிருக்கிறது, இன்னும் அரைச் சுற்றில் முறியும். ஹெட்டுக்குள் முறிந்த 6 மி.மீ. ஸ்டட்டை வீட்டு டிரில்லால் நோண்டினால் அலுமினிய மரையும் போகும். அந்த நிலையில் வண்டியை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நல்ல லேத் பட்டறைக்கு ஏற்றிவிடுவதுதான் மலிவு. பெட்ரோல் டேங்குக்குக் கீழே, எண்ணெய் அடித்த இடத்தில் கேஸ் டார்ச் பிடிக்கவே கூடாது.

ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) உள்ள வண்டியில் முதலில் அதன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒயர் இழுபட்டு அறும்.

பைப் வந்ததும் ஹெட்டின் துளைக்குள் பாருங்கள். பழைய கேஸ்கட் கரியோடு கரியாக ஒட்டி, இல்லாததுபோலவே தெரியும். மரக்குச்சியாலோ மொட்டைக் கம்பியாலோ பைய நெம்பி எடுங்கள். அதன் மேலேயே புதியதை வைத்தால் கசிவு நிச்சயம். அந்தக் கசிவு வழியே காற்று உள்ளே போவதால்தான் ஆக்சிலேட்டரை விடும்போது ‘பட் பட்’ என்று வெடிக்கிறது. சென்சார் உள்ள வண்டியில் அந்தக் காற்றைக் கண்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யூ. கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் குறையும். சிலிக்கான் பசை பூசிக் கசிவை அடைக்க நினைக்காதீர்கள், அது சென்சாரைக் கெடுக்கும்.

புதிய கேஸ்கட்டை ஹெட்டில் வைத்து, பைப், சைலன்சர், பின் பிராக்கெட் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டுங்கள். பின் போல்ட் தானாக நுழைய வேண்டும். நெம்பி நுழைத்தால் அதிர்விலேயே பிராக்கெட்டில் விரிசல் விழும். இனி ஹெட் நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், பிறகு கிளாம்ப், கடைசியில் பின் போல்ட். மேனுவலில் அளவு இல்லையென்றால் 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு 20 என்று வைத்துக்கொள்ளலாம். சென்சாரில் பேஸ்டை மரையில் மட்டும் தொடுங்கள், நுனியில் படக்கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று சென்டர் ஸ்டாண்ட். பல வண்டிகளில் ஸ்டாண்டை மேலே தடுக்கும் ரப்பர் பழைய சைலன்சரில்தான் இருக்கும். புதியதில் அது இல்லையென்றால் ஸ்டாண்ட் இன்னும் மேலே ஏறி செயினில் தட்டும். பின் பிரேக் பெடலை முழுதாக மிதித்தும், பின்னால் ஒருவரை உட்கார வைத்தும் எங்கும் இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கைரேகையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் அப்படியே பதிந்துவிடும். திறந்த இடத்தில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தொட்டுப் பாருங்கள், கசிந்தால் நுரைக்கும். முதல் சில நிமிடம் பைப்பிலிருந்து வரும் புகை தயாரிப்பு எண்ணெய் எரிவது, பயமில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி பாருங்கள். புதிய கேஸ்கட் நசுங்கியிருப்பதால் ஹெட் நட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

சைலன்சர் அடியில் சிறு துளை இருந்தால் அடைக்காதீர்கள், உள்ளே சேரும் தண்ணீருக்கு அதுதான் வழி. கடற்கரைச் சாலையில் ஓடிவந்தால் பைப் ஆறியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுக் காய வையுங்கள்.