தெருமரக் கணக்கெடுப்பு: மரம் 'இளைத்த' இடத்திலிருந்து தொடங்குகிறேன்

முதல் கணக்கெடுப்பில் 94 சென்டிமீட்டர் சுற்றளவு இருந்த மரம், மறு ஆண்டு 91 காட்டியது. மரம் அவ்வளவு இளைக்காது. தவறு எங்களுடையது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்தெந்தத் தெருக்கள், பொது இடத்து மரங்கள் மட்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மரத்துக்கு ஓர் எண் கொடுங்கள். பட்டுப்போன மரத்தின் எண்ணைப் புதுக் கன்றுக்குக் கொடுக்காதீர்கள். அடர்ந்த இலைகளின் கீழ் கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். பதிவில் பக்கத்து மரங்கள் இடம் மாறிவிடும். விளக்குக் கம்பம் போன்ற அசையாத ஒன்றிலிருந்து தூரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தண்டு. 'மார்பு உயரத்தில் அளக்கவும்' என்று படித்துவிட்டு, ஆளாளுக்குத் தம் மார்பை வைத்து அளந்தோம். முதல் ஆண்டு அளந்த நான் குட்டை. அடுத்த ஆண்டு அளந்தவர் நெட்டை. மேலே போகப் போகத் தண்டு மெலியும் அல்லவா? மார்பு உயரம் என்பது தரையிலிருந்து 1.3 மீட்டர் (அமெரிக்காவில் 1.37). அந்த நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொள்ளுங்கள். சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். அந்த இடத்தில் முண்டு இருந்தால் சற்றுத் தள்ளி அளந்து, எந்த உயரம் என்பதையும் குறியுங்கள். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம்.

அந்த உயரத்துக்குக் கீழேயே கவடு பிரிந்த மரத்தில் தண்டுகளைத் தனித்தனியாக அளந்து, விட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காணுங்கள். 30, 40 என்றால் 50. நான் 70 என்று எழுதி வைத்திருந்தேன்!

தையல்காரர் நாடா வேண்டாம், நீண்டுவிடும். கண்ணாடியிழை நாடாதான் என் கட்சி. செயலிகளைவிடக் காகிதமும் பென்சிலும் எனக்குப் பிடிக்கும். இரவில் விரிதாளில் ஏற்றிவிடுவேன். இனமும் விட்டமும் இருந்தாலே அமெரிக்க வனச் சேவையின் இலவச மென்பொருளான ஐ-ட்ரீ ஈக்கோவில் மரங்களின் பயன்களைக் கணக்கிடத் தொடங்கலாம்.

நுனிக்கிளை காய்ந்துபோதல், அடித்தண்டில் காளான், கழுத்தை நெரிக்கும் சிமென்ட் ஆகியவற்றையும் குறியுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் போங்கள். இலையுதிர்க்கும் மரம் மாதம் தவறிப் பார்த்தால் சாகக் கிடப்பதுபோல் தெரியும்.

பின்சேர்க்கை: நடைபாதையை மேடாக்கிவிட்டார்களே, 1.3 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கும் இது தோன்றவில்லை. முதல் முறையே அளந்த இடத்தில் வண்ணப் புள்ளி வையுங்கள், ஆணி வேண்டாம். மேடாக்கிய பிறகும் அந்தப் புள்ளியில்தான் நாடா சுற்ற வேண்டும். அடித்தண்டு எவ்வளவு மண்ணுக்குள் புதைந்தது என்பதையும் எழுதுங்கள். அந்த மரம் பின்னால் வாடினால் முதலில் தேட வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.