லங்காஸ்டரைக் காகிதத்தில் கட்டுவது: மூக்கிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து

லங்காஸ்டர், இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். காகிதத்தில் நான் கட்டிய முதல் லங்காஸ்டர் வாழைக்காய் மாதிரி வளைந்து நின்றது. மூக்கில் ஆரம்பித்து, உடலை ஒவ்வொரு வளையமாக ஒட்டிக்கொண்டே வால்வரை போயிருந்தேன். ஒவ்வொரு ஒட்டும் அந்தந்த நேரத்தில் கண்ணுக்குச் சரியாகத்தான் பட்டது. எல்லாம் முடித்து, மேசையில் வைத்து, நாலடி தள்ளி நின்று பார்த்தால் வால் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஓர் ஒட்டில் 1 டிகிரி சாய்ந்தால், 30 சென்டிமீட்டர் தள்ளி அது 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். இரட்டைத் துடுப்பு வால் உள்ள விமானத்தில் 5 மில்லிமீட்டரை எங்கே போய் ஒளிப்பது?

நான் தையல்காரி. 22 வருடமாகத் துணி வெட்டுகிறேன். தட்டையாகக் கிடக்கும் ஒன்றை வெட்டி, உருண்டையான உடம்பின் மேல் சுருக்கம் விழாமல் போர்த்துவதுதான் இங்கேயும் வேலை. அதனால் காகிதம் எனக்கு அன்னியமாக இல்லை. ஆனால் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம்; பசை காய்ந்த காகிதத்தைப் பிரிக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்துக்கு நிறையத் தாள் செலவழித்திருக்கிறேன்.

எந்த விமானம், எந்த அளவு

குண்டுவீச்சு விமானம்தான் வேண்டும் என்றால் அவ்ரோ லங்காஸ்டரைச் சொல்வேன். உடலின் நடுப்பகுதி நீளப் பெட்டி போல நேராக ஓடும். தோல் போர்த்த எளிது. மொத்தம் 7,377 கட்டப்பட்டதால் படங்களுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டனில் ஒன்றும் கனடாவில் ஒன்றும் பறக்கும் நிலையில் காப்பாற்றப்பட்டிருப்பதால் கிட்டத்தில் எடுத்த வண்ணப் படங்களும் கிடைக்கும்.

மாடலின் துண்டுகள் அச்சிட்ட வெட்டுத்தாளை வாங்குமுன் அது எந்த லங்காஸ்டர் என்று பாருங்கள். 1943 மே 16 இரவு ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன 19 விமானங்களில், துப்பாக்கிக்காரர் உட்காரும் முதுகுச் சுழல்கூண்டு கிடையாது, வயிற்றில் குண்டு அறைக் கதவும் கிடையாது. அதைப் பார்த்துக் கட்டிவிட்டு, சாதாரண லங்காஸ்டர் படத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

போலந்துக் காகித மாடல்கள் பெரும்பாலும் 1:33 அளவில் வரும். நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 31.09 மீட்டர், நீளம் ஏறக்குறைய 21 மீட்டர். 1:33-ல் அது 94 சென்டிமீட்டர் இறக்கை. அதை வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் டேப்பைப் பிடித்துப் பாருங்கள். எனக்கு இல்லை. அதனால் 66 சதவீதத்துக்குச் சுருக்கி அச்செடுத்து 1:50-ல் கட்டினேன். 62 சென்டிமீட்டர் இறக்கை, 42 சென்டிமீட்டர் உடல்.

சுருக்கும்போது ஒரு வில்லங்கம் உண்டு. படம் சுருங்கும், அட்டையின் தடிமன் சுருங்காது. உள்ளே எலும்புக்கூடாக நிற்கும் அட்டைச் சட்டங்களைக் கோக்க, 1 மில்லிமீட்டர் அட்டைக்காக வரைந்த பிளவு 0.66 ஆகிவிடும். அதில் பழைய அட்டையைத் திணித்தால் சட்டம் பிதுங்கும். நான் 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளை மூன்று அடுக்காக ஒட்டிக்கொள்கிறேன்; கிட்டத்தட்ட 0.6 மில்லிமீட்டர் வரும். ஒட்டியதும் இரவு முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் கிடக்கட்டும். இல்லையென்றால் அப்பளம் போல வளைந்துவிடும். மேல்தோலுக்கு 1:33 என்றால் 160, 1:50 என்றால் 120.

இழை

துணிக்கு நேர் இழை, குறுக்கு இழை இருப்பது போலத் தாளுக்கும் உண்டு. இழையோடு சுருட்டினால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே சுருட்டினால் முரண்டு பிடித்து உடைந்து மடிப்பு விழும். தாளை லேசாக இரண்டு திசையிலும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைந்து குழாயாகிறதோ, அந்தக் குழாயின் நீளவாட்டில் இழை ஓடுகிறது. உடல் வளையங்களை அச்சிடும்போது மூக்கு–வால் திசையும் இழையும் ஒன்றாக இருக்க வேண்டும். வெட்டுத்தாளில் துண்டுகள் கோணல்மாணலாக அடுக்கப்பட்டிருந்தால், அந்தத் துண்டை மட்டும் திருப்பி வைத்து இன்னொரு தாளில் அச்செடுங்கள். ஒரு தாள் போனால் போகட்டும்.

இங்க்ஜெட் அச்சு என்றால் வெட்டுமுன் பளபளப்பில்லாத வார்னிஷை இரண்டு முறை மெல்லியதாகத் தெளியுங்கள். பசையின் ஈரம் பட்டால் மை கரையும். லேசர் அச்சு கரையாது, ஆனால் மடிப்பில் பொடி உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முனை கூரான கட்டர், நிறைய மாற்று பிளேடு, இரும்பு ஸ்கேல், வெள்ளைப் பசை, அதைத் தொட்டு வைக்க ஒரு பல்குச்சி. சுருட்ட வெவ்வேறு பருமனில் பின்னல் ஊசிகள். எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் வெட்டிக் குவிக்காதீர்கள். அன்றைக்கு ஒட்டப்போவதை மட்டும் வெட்டி, பின்பக்கம் பென்சிலால் எண் எழுதுங்கள். மடிப்புக் கோடுகளைத் தாளிலிருந்து வெட்டி எடுப்பதற்கு முன்பே கீறிக்கொள்ள வேண்டும். வெட்டிய பிறகு சின்னத் துண்டைப் பிடிக்க விரல் கொள்ளாது.

இடுப்பு

நிஜ லங்காஸ்டரின் இறக்கைத் தண்டு உடலுக்குள் குறுக்கே புகுந்து போகும். உள்ளே நடமாடும் வீரர்கள் அந்தத் தண்டின் மேல் ஏறித்தான் மறுபக்கம் இறங்க வேண்டும். நம் மாடலுக்கும் அதுதான் முதுகெலும்பு. தண்டும், அதைச் சுற்றிய உடல் நடுப்பகுதியும்தான் நான் சொல்லும் இடுப்பு. அதை முதலில் கட்டி, அங்கிருந்து முன்னாலும் பின்னாலும் போனால், பிழை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும். மூக்கிலிருந்து போனால் மொத்தப் பிழையும் வாலில் போய்ச் சேரும்.

தண்டின் வடிவத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள் எஞ்சின்கள் இரண்டுக்கும் இடையே இறக்கை தட்டை. அவற்றைத் தாண்டியதும் மேல்நோக்கிச் சாயும். இடது, வலது சாய்வு ஒன்றாக இருக்க, சட்டைக்கு முன்பாகம் வெட்டுவது போலச் செய்கிறேன்: பாதித் தண்டை மட்டும் மெல்லிய தாளில் வெட்டி, அட்டையின் நடுக்கோட்டில் வைத்து ஒரு பக்கம் வரைந்து, அதையே கவிழ்த்து மறுபக்கம் வரைகிறேன். பிறகு முழுத் தண்டையும் ஒரே துண்டாக வெட்டுகிறேன். இரண்டு துண்டாக வெட்டி நடுவில் ஒட்டுவது வேண்டாத வேலை.

ஒரு கண்ணாடியின் மேல் கிராஃப் தாளை ஒட்டி, நடுவில் சிவப்புக் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். இடுப்பின் நடு அந்தக் கோட்டில் உட்காரட்டும். சட்டங்கள் செங்குத்தா என்று பார்க்க, நூலில் ஒரு பொத்தானைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பசை தொடாமல் ஒருமுறை எல்லாவற்றையும் கோத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். நான் இரண்டு முறை பார்க்கிறேன். இரண்டாவது முறை மறுநாள் காலையில்.

தோல் போர்த்தும்போது வளையம் மூடவில்லையா? தோலை இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் சட்டத்தின் விளிம்பை உப்புத்தாளில் நாலு தேய்ப்புத் தேயுங்கள். இழுத்து ஒட்டினால் இரண்டு நாளில் தோல் உள்வாங்கி, பட்டினி கிடந்த மாடு போல விலா எலும்பு வரிசையாகத் தெரியும். ஒட்டு வயிற்றுப்பக்கம் வரட்டும். லங்காஸ்டரின் குண்டு அறைக் கதவுகள் இரண்டும் வயிற்றின் நடுக்கோட்டில்தான் சேரும். உங்கள் ஒட்டு நிஜக் கோட்டிலேயே மறைந்துவிடும்.

குண்டு அறையைத் திறந்து காட்ட ஆசை வரும். 33 அடி நீளம், 1:50-ல் 20 சென்டிமீட்டர். வயிற்றைத் திறந்தால் உடலின் பலம் பாதி போய்விடும். முதல் மாடலில் மூடியே வையுங்கள்.

இறக்கையின் முன்விளிம்பை மடிக்கக் கூடாது, உருட்ட வேண்டும். பின்னல் ஊசியை உள்பக்கம் வைத்து மெதுவாக உருட்டுங்கள். பின்விளிம்பு மட்டும் கத்தி போலக் கூராக வர, இரண்டு தோலின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் மெலிதாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

நான்கு எஞ்சின், பன்னிரண்டு தகடு

பொறுமையைச் சோதிக்கும் இடம் இது. எஞ்சின் கூட்டின் முன்பக்கம் இரண்டு திசையில் வளைகிறது. காகிதம் அப்படி வளையாது. அதனால்தான் வெட்டுத்தாளில் பூவிதழ் போலப் பிளவுகள் இருக்கும். தையலில் இதை டார்ட் என்போம். டார்ட்டின் நுனி எங்கே முடிகிறதோ அங்கேதான் கூம்பு தள்ளி நிற்கும். அந்த இடத்தைக் கரண்டியின் முதுகால் உள்ளிருந்து தேய்த்து விடுங்கள். ஒவ்வோர் இதழுக்கும் பின்னால் மெல்லிய 80 ஜி.எஸ்.எம். தாளில் ஒரு பட்டை கொடுத்து, ஒன்று காய்ந்த பிறகு அடுத்ததை மூடுங்கள்.

நான்கையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள். ஒன்றை முழுதாக முடித்து, எங்கே தப்பு என்று பார்த்து, மற்ற மூன்றையும் செய்யுங்கள். முதலில் செய்தது நிச்சயம் அசிங்கமாக இருக்கும். அது சுவர்ப்பக்கம் போகட்டும். உள் எஞ்சின் கூடுகள்தான் பெரியவை, சக்கரம் அவற்றுக்குள் மடங்கும். உள், வெளி மாறிவிடாமல் எண் போட்டு வையுங்கள்.

காற்றாடித் தகடுகளின் முறுக்கில் நான் மாட்டிக்கொண்டேன். நான்கு மெர்லின் எஞ்சின்களும் ஒரே திசையில், பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். நான் பன்னிரண்டு தகடுகளையும் முறுக்கி, மஞ்சள் நுனி தீட்டி, ஒட்டி முடித்துப் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். பையன் வந்து குனிந்து பார்த்தான்.

"அம்மா, மூணு ஃபேன் ஒரே மாதிரி இருக்கு. இது மட்டும் எதிர்ப்பக்கமா முறுக்கியிருக்கே?"

"எது?"

"அந்தக் கடைசி."

அவன் சொன்னது சரி. ஒரு காற்றாடிக்குத் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். நீங்கள் இப்படிச் சரிபாருங்கள்: விமானத்துக்குப் பின்னால் நின்று, 12 மணி இடத்தில் நிற்கும் தகட்டைப் பாருங்கள். அதன் வலது விளிம்பு மூக்குப் பக்கமும் இடது விளிம்பு வால் பக்கமும் சாய்ந்திருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் பாருங்கள்.

கறுப்பும் கண்ணாடியும்

இரவில் பறந்த விமானம் என்பதால் மேலே பச்சையும் மண்நிறமும், கீழே முழுக்கக் கறுப்பு. கறுப்புத் தாளை வெட்டினால் விளிம்பு வெள்ளையாகப் பல்லிளிக்கும். வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும் வாட்டர் கலர் தீட்ட வேண்டும். தனிக் கறுப்பு வேண்டாம், கொஞ்சம் சாம்பல் கலந்துகொள்ளுங்கள்; அச்சில் வரும் கறுப்பு அவ்வளவு கறுப்பல்ல. மார்க்கர் பேனா தாளுக்குள் ஊறி மறுபக்கம் கறையாகும். பசை வழிந்து காய்ந்தால் கறுப்பின் மேல் நத்தை ஊர்ந்த தடம் போல மின்னும். ஈரமாக இருக்கும்போதே நனைத்த விரலால் ஒற்றி எடுத்துவிடுங்கள், தேய்க்காதீர்கள்.

சுழல்கூண்டு மூன்று: மூக்கில், முதுகில், வாலில். மாத்திரை அட்டையின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குமிழ்களைச் சேர்த்து வையுங்கள். அளவு பொருந்துவது ஒன்று கிடைக்கும். சட்டக் கோடுகளை மெல்லிய தாளில் பட்டையாக வெட்டி மேலே ஒட்டலாம். இதற்கு உடனடிப் பசையைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டாலே பிளாஸ்டிக் பனி மூடியது போல வெளுத்துவிடும். வெள்ளைப் பசைதான்.

வால் கூண்டைச் செய்யும்போது மட்டும் எனக்குக் கை மெதுவாகும். 1:50-ல் அது கட்டைவிரல் நுனி அளவுகூட இல்லை. ஏழு பேர் போகும் விமானத்தில் ஒருவர், மற்ற ஆறு பேரையும் பார்க்காமல், பின்னோக்கி உட்கார்ந்து போகும் இடம் அது.

சக்கரங்களுக்கு வட்டங்களை அடுக்கி ஒட்டி, தரையில் படும் இடத்தை லேசாகத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். அப்போதுதான் கனம் தெரியும். வால் சக்கரம் மடங்காது, எப்போதும் வெளியேதான்.

துப்பாக்கிகளைக் கடைசிக்கு வையுங்கள். மூக்கில் 2, முதுகில் 2, வாலில் 4, மொத்தம் 8. தையல் மெஷினருகே சேரும் உடைந்த மெல்லிய கை ஊசிகளைக் கூர் நறுக்கி, கறுப்புத் தீட்டி வைத்தேன். 1:50-க்குப் பருமன் சரியாக வருகிறது. ஒட்டிய பிறகு விமானத்தை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், இடுப்பில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள். என்னுடையதில் வால் துப்பாக்கி இப்போது மூன்றுதான் இருக்கிறது.