செம்பட்டை அடிக்காத பொன்னிற முடி: சலூனுக்குப் போகும் முன் படிக்க

பொன்னிறம் கேட்டுச் சலூனுக்குப் போய், செம்பட்டைத் தலையோடு வீடு திரும்பிய பெண்களை மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட்டில் எனக்கு நிறையத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் வந்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, எண்ணெய் காணாத தலை மாதிரி இருக்கு" என்றார். இன்று அதே தலை தேன் நிறத்தில் இருக்கிறது. பின்னினால் நுனிவரை வழவழப்பு. இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: நிறத்தை முடிவு செய்வது

சலூனில் முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை எண்ணுவார்கள். 1 கன்னங்கறுப்பு, 10 வெளிர்பொன். நம்மில் பெரும்பாலோர் 1 அல்லது 2. ப்ளீச் போட்டவுடன் கறுப்பு நேராகப் பொன்னாகிவிடாது. செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொரு நிறமாகத் தாண்டித்தான் போகும். செம்பட்டை என்பது பாதி வழியில் இறங்கிவிட்ட முடி, அவ்வளவுதான்.

நம் மாநிறத்துக்கு 7, 8இல் வரும் தேன் நிறமும் கேரமல் நிறமும் அழகாக ஒட்டும். சாம்பல் கலந்த வெளிர்பொன் படத்தைக் கைப்பேசியில் காட்டி அதுவே வேண்டும் என்று கேட்காதீர்கள். முகம் சோர்ந்து தெரியும். 10 வரை ஏற்றினால் முடியும் தாங்காது. வேரை ஒட்டி இரண்டு விரல் அகலம் கறுப்பாகவே இருக்கட்டும். மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் முடி வளர்கிறது. தலை முழுக்கச் சாயம் ஏற்றினால் இரண்டாம் மாதமே வகிடு கோடு போட்டதுபோல் தெரியும். கறுப்பு வேரிலிருந்து மெதுவாகப் பொன்னுக்கு இறங்கினால் மூன்று நான்கு மாதம் சலூன் பக்கம் போகாமலே இருக்கலாம்.

தூரிகையால் திறந்தவாக்கில் தடவும் முறையும் உண்டு, ஃபாயிலில் (அலுமினியத் தாளில்) சுற்றும் முறையும் உண்டு. நம் கறுப்புக்கு ஃபாயில்தான் என்பேன். உள்ளே சூடு நிற்கும், ப்ளீச் காயாது, நிறம் நன்றாக ஏறும்.

இரண்டாவது: முடியின் முன்கதையைச் சொல்வது, சோதித்துப் பார்ப்பது

என் தலை கெட்டது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் போன சலூனில், "முன்னாடி டை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, தீபாவளிக்கு முன் பாட்டி குழைத்துத் தந்த கறுப்பு மருதாணித் தூள் டை கணக்கில் வரும் என்று எனக்குத் தெரியாது. அவர்களும் வேறு எதுவும் கேட்கவில்லை, ஒரு முடியைக்கூடச் சோதிக்கவில்லை. கால் மணி நேரத்தில் வலது காதுக்குப் பின்னால் இருந்த ஃபாயில் சுட ஆரம்பித்தது. பிரித்துக் கழுவியபோது அந்தக் கொத்து ரப்பர் மரத்து ஒட்டுப்பால் மாதிரி இழுபட்டது. இழுத்த பிறகு திரும்பச் சுருங்கவே இல்லை. மற்ற இடமெல்லாம் ஆரஞ்சிலேயே நின்றுவிட்டது.

வெறும் மருதாணி இலை முடியைக் கெடுக்காது. ஆனால் அதன் சிவப்பு லேசில் போகாது. கறுப்பாக்கும் தூள்கள் பலவற்றில் ரசாயனச் சாயம் கலந்திருக்கும், சிலவற்றில் உலோக உப்பும் இருக்கும். அந்த உப்பும் ப்ளீச்சில் கலக்கும் பெராக்சைடும் சேர்ந்தால் கிடுகிடுவென்று சூடேறும். அதனால் மூன்று வருடக் கதையைச் சொல்லுங்கள். 30 சென்டிமீட்டர் முடி என்றால் அதன் நுனிக்கு இரண்டரை வயது. டை, மருதாணி, ரீபாண்டிங் (ரசாயனம் போட்டு முடியை நேராக்குவது) என்று அந்த நுனி பட்டதெல்லாம் இன்னும் அதிலேயே இருக்கிறது.

சொன்னால் மட்டும் போதாது. பிடரிக்குக் கீழே, மேல்முடி மறைக்கும் இடத்தில், பென்சில் முனை அளவு ஒரு கொத்தை வெட்டி ப்ளீச் கலவையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடேறினாலோ, புகைந்தாலோ, வேலை அங்கேயே நிற்க வேண்டும். அரை மணி நேரத்தில் எந்த நிறத்துக்கு வருகிறது என்று பாருங்கள். அப்புறம் கழுவி, ஈரமாகவே இரு விரலால் மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு பழையபடி சுருங்கினால் நல்ல முடி. ஒட்டுப்பாலாக இழுபட்டால் அன்றைக்கு முடி வெட்டிக்கொண்டு மட்டும் திரும்புங்கள். ப்ளீச்சுக்குப் பிறகு நிறத்தைச் சரிசெய்யப் பூசும் டோனரை 48 மணி நேரம் முன்பே முழங்கை மடிப்பில் தடவி அரிப்பு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு சோதனைக்கும் "தேவையில்லை" என்று சொல்லும் கடையில் உட்காராதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

மூன்றாவது: சலூனில் அந்த நாள்

முந்தின நாளும் அன்றைக்கும் தலை குளிக்க வேண்டாம். இயற்கை எண்ணெய்ப் பசை தோலைக் காக்கும். ப்ளீச்சில் எந்த அளவு பெராக்சைடு கலக்கிறார்கள் என்று கேளுங்கள். 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. இப்போது எனக்குப் பார்க்கும் அக்கா 20க்கு மேல் போவதில்லை. நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் முடி பிழைக்கும். ஒரே நாளில் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். நான் இரண்டு தடவை போனேன், நடுவில் எட்டு வாரம் விட்டு.

தேன் நிறத்துக்கு, பழுத்த வாழைப்பழத் தோலின் மஞ்சள் வந்ததும் ப்ளீச்சைக் கழுவிவிடலாம். தோலின் உட்பக்க வெளுப்பு வெளிர்பொன் கேட்பவர்களுக்குத்தான். கழுவியதும் டோனர். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று டோனரை விட்டுவிடாதீர்கள். அதுவரை இருப்பது வெறும் மஞ்சள். டோனர் பட்ட பிறகுதான் அது தேனாகும்.

நான்காவது: வீட்டில் காப்பது

நாங்கள் இருப்பது தோட்டத்து வீடு. டோனர் போட்டு மூன்று வாரத்தில் என் நிறம் மறுபடி சிவக்கத் தொடங்கியது. டோனர் சரியில்லை என்று அக்காவிடம் போய் நின்றேன். அவர் முடியைப் பார்க்கும் முன்பே, "உங்க பாத்ரூம் தரை என்ன நிறம்மா?" என்று கேட்டார். வெள்ளை டைல்ஸ், ஆனால் குழாய்க்கு அடியில் துருக்கறை. வெள்ளை வாளியிலும் நீர்மட்டத்தில் பழுப்பு வளையம். ஆக, தண்ணீரில் இரும்பு. ப்ளீச் பட்ட முடி பஞ்சு மாதிரி, கறையை அப்படியே உறிஞ்சிவிடும்.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீலேட்டிங் ஷாம்பு போடுகிறேன். படிந்த உலோகத்தைப் பிடித்து இழுத்துவிடும். கடைசி அலசலுக்குச் சமையலறை ஃபில்டர் தண்ணீர் மூன்று சொம்பு. மற்ற நாளில் சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, வாரம் இரண்டு முறை.

ஊதா ஷாம்புவை எல்லாரும் சொல்வார்கள். ஊதா மஞ்சளை அடக்கும், ஆரஞ்சை அடக்குவது நீலம். தேன் நிறத்துக்கு நீலம்தான் உதவும், அதுவும் பத்து நாளுக்கு ஒரு முறை, மூன்று நிமிடம். அடிக்கடி போட்டால் நிறம் மங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயை விடாதீர்கள். அது முடித்தண்டுக்குள் புகுந்து, அலசும்போது புரதம் கரைவதைக் குறைக்கும். குளிப்பதற்கு முந்தின இரவு, காதுக்குக் கீழிருந்து நுனிவரை தடவிப் பின்னிவிடுங்கள். நேராக்கும் இயந்திரம் 180 டிகிரிக்கு மேல் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பின்னலை ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கவிடாமல் சால்வைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெயில் டோனரை வேகமாகத் தின்னும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒரு தங்கை, தன் அக்காவின் கல்யாண நலுங்கில் பொன்முடி முழுக்க மஞ்சளாகிவிட்டது என்று எழுதியிருந்தார். இதை நான் யோசிக்கவே இல்லை. நலுங்கு, மஞ்சள் நீராட்டு, கோயிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் விழா எதுவானாலும், போகும் முன் முடிக்கு நிறைய எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போடுங்கள். கறை பட்டுவிட்டால் முதலில் எண்ணெய் தடவி ஊறவைத்து, அப்புறம் ஷாம்பு. மிச்ச மஞ்சள் வெளிச்சத்தில் தானாக வெளுக்கும். ஊதா ஷாம்புவைப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

இன்னொருவர் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போடும் வேண்டுதல் இருப்பதாகச் சொன்னார். அப்படியானால் அதை முதலில் முடித்துவிடுங்கள். புதிதாக வளரும் முடியில் டையும் இல்லை, மருதாணியும் இல்லை. காதுக்குக் கீழே இறங்கியதும் போய் உட்காருங்கள், சோதனைக் கொத்து வெட்ட மட்டும் மறக்க வேண்டாம்.