பக்கவாட்டில் படுத்த படங்களை நிமிர்த்தியது

இணையதளம் உருவாக்கும் மென்பொருளான ஹ்யூகோவில் என் புகைப்படத் தளத்துக்கு ஒரு கேலரி தீம் (தயார் வடிவமைப்பு) போட்டேன். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்கள் மட்டும் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. அதே கோப்பைக் கணினியில் திறந்தால் நேராக நிற்கிறது!

காரணம் எக்ஸிஃப் தகவல், அதாவது படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் குறிப்புகள். செங்குத்தாகப் பிடித்தாலும் கேமரா படத்தைக் கிடைமட்டமாகவே சேமித்து, 'ஓரியன்டேஷன் 6' என்பதுபோல் குறித்துவைக்கிறது; அதைப் படித்துத்தான் பிரவுசர் 90 பாகை திருப்பிக் காட்டுகிறது. ஹ்யூகோ சிறுபடம் உருவாக்கும்போது எக்ஸிஃப் நீங்கிவிடுகிறது. குறிப்பே போனபின் யார் திருப்புவது?

கேலரி வார்ப்புருவில் (பக்கம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் கோப்பு), அளவைக் குறைக்கும் வரிக்கு முன்னால், எக்ஸிஃப் குறிப்பின்படி படத்தைத் திருப்பும் 'இமேஜஸ்.ஆட்டோஓரியன்ட்' ஃபில்டரைச் சேர்த்தேன். வரிசை முக்கியம்: முதலில் திருப்ப வேண்டும், பிறகே சுருக்க வேண்டும். மாற்றிய வார்ப்புருவைத் தளத்தின் 'லேஅவுட்ஸ்' கோப்புறையில் அதே பாதையில், அதே பெயரில் வைத்தேன். இனி கேலரி தீம் புதுப்பிக்கப்பட்டாலும் என் மாற்றம் அழியாது. மூலப் படங்களைத் தொடவே தேவைப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.