பத்துக்குப் பத்து அறைக்கு எந்தக் கட்டில்? வாங்கும் முன் அளந்து பார்ப்பது எப்படி

கடையில் பார்க்கும்போது எந்தக் கட்டிலும் பெரிதாகத் தெரியாது. அவ்வளவு உயரமான கூரை, அவ்வளவு அகலமான ஹால். வீட்டுக்கு வந்து அறைக்குள் போட்ட பிறகுதான் நடக்க இடமில்லை என்று தெரியும்.

என் பெற்றோரின் அறை பத்தடிக்குப் பத்தடி. அதில் ஒரு பக்கச் சுவரோரம் இரும்பு பீரோ. நாங்கள் ஆசையாக கிங் சைஸ் கட்டில் வாங்கிப் போட்டோம். எதிர்ச் சுவரை ஒட்டித் தள்ளிய பிறகு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இரண்டடிதான் மிச்சம். பீரோ கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. கீழ்த்தட்டில் இருக்கும் புடவையை எடுக்கக் குனிய இடமில்லாமல், அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பக்கவாட்டில் கை நீட்டித்தான் எடுப்பார். சுவர்ப் பக்கம் படுப்பவரும் அவர்தான். முட்டிவலியோடு நடுராத்திரியில் பாத்ரூம் போக வேண்டுமென்றால், அப்பாவை எழுப்பாமல் கால்மாட்டுப் பக்கம் நகர்ந்து நகர்ந்து இறங்குவார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது: அளக்க வேண்டியது கட்டிலை மட்டும் அல்ல, கட்டில் போட்ட பிறகு மிஞ்சும் இடத்தை. அதை எப்படி அளப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. அறையை டேப் வைத்து அளங்கள்

வரைபடத்தில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம். பூச்சு, ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் பட்டை) எல்லாம் சேர்ந்து ஓரிரு அங்குலம் குறைந்திருக்கும். சுவருக்குச் சுவர், தரையை ஒட்டி அளங்கள். சிலர் டைல்ஸை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். "ரெண்டுக்கு ரெண்டு" என்று சொல்லும் டைல் உண்மையில் 60 செ.மீ., அதாவது ஏறக்குறைய 23.6 அங்குலம். ஐந்து டைல் பத்தடி என்று நினைத்தால் இரண்டு அங்குலம் ஏமாந்து போவோம்.

அளந்ததும் ஒரு தாளில் அறையை வரைந்து, வாசல், ஜன்னல், பாத்ரூம் கதவு, அலமாரி, ஸ்விட்ச் போர்டு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவாக இருந்தால், அது சுற்றி வரும் இடத்தையும் வளைகோடாகப் போடுங்கள். மூன்றடிக் கதவுக்கு மூன்றடி இடம் வேண்டும். அதற்குள் கட்டிலின் மூலை வரக் கூடாது.

2. தலைமாடு எந்தச் சுவரில்?

இதை அளவுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் பெரும்பாலும் பார்ப்பார்கள். கட்டில் வந்து இறங்கிய பிறகு பெரியவர்கள் அதைச் சொன்னால், நீளவாக்கில் போட நினைத்ததைக் குறுக்கே திருப்ப வேண்டிவரும், கணக்கெல்லாம் மாறிவிடும். முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்குமா, படுத்தபடியே ஸ்விட்ச் எட்டுமா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. மெத்தை அளவு வேறு, கட்டில் அளவு வேறு

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கடையில் "அஞ்சுக்கு ஆறேகால்", "ஆறுக்கு ஆறரை" என்று சொல்வது மெத்தையின் அளவு. பொதுவாகக் கிடைப்பவை இவை:

- சிங்கிள்: 36 அங்குல அகலம் (30 அங்குலத்திலும் உண்டு)
- டபுள்: 48 அங்குலம்
- குயின்: 60 அங்குலம்
- கிங்: 72 அங்குலம்

நீளம் எல்லாவற்றிலும் 72, 75, 78 அங்குலம் என்று மூன்று விதமாக வரும். வீட்டில் உயரமானவரின் உயரத்தோடு ஆறு அங்குலமாவது கூட இருக்கட்டும். ஐந்தடி ஒன்பது அங்குல ஆளுக்கு 75 போதும், அதற்கு மேல் என்றால் 78 தான்.

இந்த அளவோடு கட்டில் சட்டமும் ஹெட்போர்டும் (தலைமாட்டுப் பலகை) சேரும். நாங்கள் வாங்கியதில் மெத்தை 72க்கு 78. கட்டிலின் வெளி அளவு 76க்கு 84. நீளத்தில் மட்டும் அரை அடி கூடிவிட்டது. சாமான் வைக்கத் தட்டு உள்ள ஹெட்போர்டு என்றால் இன்னும் கூடும். அதனால் கடைக்காரரிடம் வெளி அளவைக் கேளுங்கள், முடிந்தால் நீங்களே டேப் போட்டு அளங்கள்.

எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதையும் அங்குலத்திலேயே பாருங்கள். குயினில் ஆளுக்கு 30 அங்குலம் கிடைக்கும். டபுளில் 24 தான், பெரியவர்கள் இருவருக்குத் தினமும் அது நெருக்கம். சின்னக் குழந்தை நடுவில் படுக்கும் வீட்டுக்கு, அறை இடம் கொடுத்தால், கிங் வாங்குவதில் தப்பே இல்லை.

4. கழித்துப் பாருங்கள்

நடக்க 24 அங்குலம் குறைந்தபட்சம். வயதானவர்கள் இருக்கும் அறை என்றால் 30 இருந்தால் நல்லது. பீரோ முன்னால் நின்று, குனிந்து எடுக்க மூன்றடி வேண்டும்.

எங்கள் அறையின் அகலம் 120 அங்குலம். பீரோவின் ஆழம் 20 போனால் 100. கிங் கட்டில் 76 போனால் மிச்சம் 24, அதுவும் ஒரு பக்கம் மட்டும். குயின் என்றால் வெளி அகலம் 64, மிச்சம் 36. பீரோ திறக்கச் சரியாக இருக்கும், ஆனால் அப்போதும் ஒருவர் சுவரோரம் மாட்டிக்கொள்வார். பீரோவை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டால்? 120ல் 64 போக 56, பக்கத்துக்கு 28. இரண்டு பேரும் அவரவர் பக்கமாக இறங்கலாம். கடைசியில் நாங்கள் அதைத்தான் செய்தோம். கிங் கட்டில் பெரிய அறை இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனது.

கால்மாட்டுப் பக்கத்தையும் இதே மாதிரி கழியுங்கள். அடியில் சாமான் வைக்கும் கட்டில் வாங்கினால் இன்னொரு கணக்கும் உண்டு. பக்கவாட்டு டிராயர் என்றால் அது வெளியே வர இரண்டடி வேண்டும். ஹைட்ராலிக் என்றால் பக்கத்தில் இடம் வேண்டாம், ஆனால் மெத்தையோடு மேலே தூக்கக் கால்மாட்டில் நிற்க இடம் வேண்டும். இடம் குறைவான அறைக்கு நான் ஹைட்ராலிக்கைத்தான் சொல்வேன்.

5. தரையில் விரித்துப் பாருங்கள்

இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். கட்டிலின் வெளி அளவுக்குத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். சாக்பீஸால் கோடு போட்டாலும் சரி. அப்புறம் அதை மிதிக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் புழங்குங்கள். பீரோவைத் திறங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், துவைத்த துணியை எடுத்து வந்து மடித்து வையுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாத்ரூம் வரை நடந்து பாருங்கள்.

குயின் வாங்கும் முன் அம்மாவை இப்படி நடக்கச் சொன்னேன். இரண்டு முறை போய் வந்தவர், கால்மாட்டு மூலையில் நின்று, "இங்க திரும்பறப்ப இடிக்கும்" என்றார். தாளைப் பார்த்தால் பாத்ரூம் வாசலுக்கு நேராக மூலை வந்திருந்தது. 78க்குப் பதில் 75 நீளத்தில் எடுத்து, மெல்லிய ஹெட்போர்டு சொல்லி, ஐந்து அங்குலம் மிச்சம் பிடித்தோம்.

6. பணம் கொடுக்கும் முன்

மெத்தையைத் தனியாக வாங்கினால் கட்டிலின் உள் அளவை அளந்து சொல்லுங்கள். 78 கட்டிலில் 75 மெத்தை போட்டால் மூன்று அங்குலப் பள்ளம் விழும், தலையணை அதில் இறங்கிக்கொண்டே இருக்கும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் கவலையில்லை, சொன்ன அளவுக்குத் தைத்துக் கொடுப்பார்கள்.

பெரியவர்களுக்கு வாங்கினால் மெத்தையோடு சேர்த்து உயரம் 18 முதல் 20 அங்குலம் இருக்கட்டும். உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும்.

கடைசியாக, மாடி வீடு என்றால் லிஃப்ட் கதவு, படிக்கட்டுத் திருப்பம், அறை வாசல் மூன்றையும் அளந்து அதே தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கட்டிலைக் கழற்றி ஏற்றிவிடலாம். ஆனால் ஹெட்போர்டு முழுசாக வரும், ஸ்பிரிங் மெத்தையை மடிக்க முடியாது.