குளிர் தரையிலிருந்து ஏறும்: மலைப் பயணத்துக்கு டென்ட், ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணாலியிலிருந்து ஹம்ப்டா கணவாய்க்குப் போகும் வழியில் பாலு கா கேரா என்ற முகாம் இருக்கிறது. சுமார் 3,600 மீட்டர் உயரம், ஓடைக்கரையில் ஈரமான புல்தரை. அங்கே தங்கிய முதல் இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்திருந்தேன். நெஞ்சும் வயிறும் கதகதப்பாக இருந்தன. தரையில் அழுந்திய இடுப்பெலும்பும் தோள்பட்டையும் மட்டும் பனிக்கட்டியில் வைத்ததுபோல் விறைத்தன. ஒரு பக்கம் விறைத்ததும் மறுபக்கம் திரும்புவேன். கால் மணி நேரத்தில் அந்தப் பக்கமும் விறைத்துவிடும். விடிய விடிய இதே கதைதான். ஊர் வந்து சேரும்வரை பை சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பையில் ஒரு குறையும் இல்லை. சுமையைக் குறைப்பதற்காக, பைக்கு அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் மேட்டை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய யோகா விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனதுதான் தவறு.

எடை குறைந்த சாமான் தேடுகிறவர்கள் முதலில் கைவைப்பது இந்த மேட்டில்தான். ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தராது. அதன் தூவிக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் நம் உடல்சூட்டை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. நாம் மேலே படுத்தவுடன் அடிப்பக்கம் நசுங்கிக் காற்று போய்விடும். முதுகுக்குக் கீழே அது வெறும் துணிதான். அங்கே குளிரைத் தடுக்கும் வேலை முழுக்க மேட்டுடையது. அந்தத் தடுப்புத் திறனைச் சொல்லும் அளவுதான் ஆர்-வேல்யூ. மடிக்கும் ஃபோம் மேட் ஏறக்குறைய 400 கிராம் இருக்கும், ஆர் 2 அளவில் வரும். உள்ளே வெப்பத் தடுப்பு வைத்த நல்ல காற்று மேட்டும் ஏறத்தாழ அதே எடையில் ஆர் 4-ஐத் தாண்டிவிடும், ஆனால் விலை பல மடங்கு. உள்ளே எதுவுமில்லாத வெறும் காற்று மெத்தை ஆர் 1 பக்கம்தான் நிற்கும். பார்க்கத் தடிமனாக இருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். பெட்டியில் ஆர் எண்ணே போடவில்லை என்றால் அதைக் குளிர் மலைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

இதில் நல்ல விஷயம் ஒன்று உண்டு: ஆர் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஃபோம் மேட்டின் மேல் காற்று மேட்டைப் போட்டால் இரண்டின் தடுப்பும் சேரும். காற்று மேட் நடுராத்திரியில் ஓட்டையானாலும் ஃபோம் கைகொடுக்கும்.

அடுத்தது, பையில் போட்டிருக்கும் டிகிரி. ‘-5’ என்று பெரிய எழுத்தில் இருக்கும், அது எந்த -5 என்பதைப் பார்க்காமல் வாங்கிவிடுவோம். ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிச் சமாளித்துத் தூங்கும் எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது தூங்குவதற்கான எண்ணே அல்ல. அந்தக் குளிரில் உயிர் தப்பலாம், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கவும் செய்யலாம். பையின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் லிமிட்டாகவோ எக்ஸ்ட்ரீமாகவோ இருக்கும். சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்த, குளிர் பழகாத உடம்புக்கு ஆணோ பெண்ணோ கம்ஃபர்ட் எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தச் சோதனையே உள்ளாடை அடுக்கு போட்டு, நல்ல மேட்டின் மேல் படுக்கவைத்துச் செய்வதுதான். மேட் மோசமாக இருந்தால் அந்த எண் செல்லாது.

எவ்வளவு குளிர் இருக்கும் என்பதை ஓரளவு நாமே கணக்கிடலாம். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மணாலி சுமார் 2,050 மீட்டர்; கணவாய்க்கு அப்பால் ஷியா கோரு முகாம் 3,900 மீட்டர் பக்கம். மணாலி இரவில் 12 டிகிரி இருந்தால் அங்கே பூஜ்யத்தை நெருங்கிவிடும். காற்றடித்தால் இன்னும் மோசம். மலைக்குப் போகிறவர்கள் பலர் மணாலியின் வெப்பநிலையைப் போனில் பார்த்துவிட்டுப் பை எடுக்கிறார்கள்.

வாத்துத் தூவி அடைத்த டவுன் பை நல்லதா, செயற்கைப் பஞ்சு அடைத்தது நல்லதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே எடையில் டவுன்தான் அதிகச் சூடு, சுருக்கினால் சின்னதாகவும் ஆகும். ஆனால் நனைந்தால் தூவி கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், உப்பல் போனதும் சூடும் போய்விடும். செயற்கைப் பஞ்சு கனம்தான், ஈரத்திலும் ஓரளவு காப்பாற்றும். ஹம்ப்டாவில் இது வெறும் பேச்சு அல்ல. ஜூலை, ஆகஸ்டில் குல்லு பக்கம் மழை விடாது. கணவாயைத் தாண்டினால் லாஹுல் பக்கம் மழை மறைவு, வறண்ட காற்று. ஒரே பயணத்தில் இரண்டையும் சந்திக்க வேண்டும்.

பையை நனைக்கும் ஈரம் பெரும்பாலும் மழையிலிருந்து வருவதில்லை. நாம் விடும் மூச்சிலிருந்து வருகிறது. அதனால் டென்ட்டையும் பையையும் தனித்தனியாக யோசிக்கக் கூடாது. எடைக்காக ஒரே அடுக்குத் துணியாலான ஒற்றைச் சுவர் டென்ட் வாங்கி, குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் விடிகாலையில் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். உயரமானவர்களின் கால்பக்கம் சுவரில் உரசி, பையின் நுனி நனைந்துவிடும். இரட்டைச் சுவர் டென்ட்டில் நீர் வெளித்துணியில் கோக்கும், உள்வலை நம்மைப் பிரித்து வைக்கும். மழைக்கால இமயமலைக்கு அந்தக் கூடுதல் அரைக் கிலோவைச் சுமக்கலாம் என்றே சொல்வேன். எந்த டென்ட்டானாலும் மேல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஓடையை ஒட்டிய பள்ளத்தில் போடாமல் கொஞ்சம் மேடான இடத்தில் போடுங்கள். ராத்திரியில் குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் வந்து தேங்கும்.

‘2 பேர் டென்ட்’ என்றால் அரை மீட்டர் அகல மேட் இரண்டு பக்கத்தில் பக்கம் கிடக்கும், அவ்வளவுதான். முதுகுப் பைகளுக்கு இடம் வேண்டுமானால் வாசல் முன்னால் மூடிய திண்ணை போன்ற பகுதி இருக்கிறதா பாருங்கள்.

நடைக்கோலையே கம்பமாக வைத்து நிறுத்தும் டென்ட்டுகள் ஒரு கிலோவுக்குள்ளேயே கிடைக்கின்றன. அருமையான சாமான். ஆனால் முளையடித்து இழுத்துக் கட்டினால்தான் அவை நிற்கும். ஷியா கோரு போன்ற கல்தரையில் முளை இறங்காது. இதற்கு நம் மொட்டை மாடியைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. சிமெண்ட் தரையிலும் முளை இறங்காது அல்லவா? கயிற்றின் நுனியில் ஒரு சுருக்கு போட்டு, அதற்குள் குச்சியைச் செருகி, குச்சிக்கு முன்னால் இரண்டு செங்கல்லை வைத்து இழுத்துப் பாருங்கள். மலையில் செங்கல்லுக்குப் பதில் பாறாங்கல். கயிறு தளர்ந்தால் மறுபடி எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பது கைக்குப் பழக வேண்டும். நைலான் துணி ஈரம் குடித்துத் தொய்யும் என்பதால் மழையிரவில் ஒருமுறையாவது எழுந்து இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். பாலியெஸ்டர் அவ்வளவாகத் தொய்யாது.

எடையைப் படிப்பதிலும் ஏமாறுகிறோம். ‘ட்ரெயில் வெயிட்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் முளை, கயிறு, உறை எதுவும் அதில் சேர்ந்திருக்காது. வாங்கியதும் எல்லாவற்றையும் அடுப்படித் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் பையை உதறி விரித்துப் பத்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் போர்வைபோல் தட்டையாகக் கிடந்தால் வேறு பை கேளுங்கள்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. ஊர் திரும்பியதும் ஈர டென்ட்டைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுகிறோம். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் துணியின் உட்பூச்சான பாலியுரேத்தேன் மெல்ல மெல்லச் சிதையும். அடுத்த வருஷம் பிரிக்கும்போது விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை அடிக்கும். அதன் பிறகு அது மழை தாங்காது. நிழலில் இரண்டு நாள் கொடியில் போட்டு, தையல் மடிப்புகள்வரை காய்ந்த பிறகுதான் நான் உள்ளே வைக்கிறேன். டவுன் பையைச் சுருக்கிக் கட்டாமல், பழைய தலையணை உறைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்த பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, பரணில் வைக்காமல் காற்றாடும் அறையில் தொங்கவிட்டிருக்கிறேன்.